வேலை போனால் சிமுலேட்டரா, டிஸ்பாட்ச்சா?

விமானிக்கு மாற்று வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரம்) பயிற்றுநர் பணிதான். 4 மணி நேர செஷன், முன்னும் பின்னும் பிரீஃபிங் எனும் விளக்க உரையாடல். பல நாடுகளில் இதற்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று தேவையில்லை; மெடிக்கலில் தவறியவருக்கு இது பெரிய ஆறுதல். சிக்கல், உங்கள் டைப் ரேட்டிங்தான் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) உங்கள் எல்லை. ஏ320 மட்டும் தெரிந்தவரை 737 சிமுலேட்டரில் உட்கார வைக்க மாட்டார்கள். ஏர்லைன்கள் ஆள் எடுப்பதை நிறுத்தினால் செஷன்களும் குறையும்.

டிஸ்பாட்ச்சர் என்பவர் தரையிலிருந்து விமானத்தின் பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிப்பவர். இந்த வேலைக்குத் தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் குறைந்தது வயது 23; பயிற்சி வகுப்பு வழியாகப் போனால் குறைந்தது 200 மணி நேரம். பல நாடுகளின் விதிப்படி பயண எரிபொருள், அதில் வழக்கமாக 5% கூடுதல், மாற்று விமான நிலையம்வரை போக, கடைசியாக ஜெட்டுக்கு 30 நிமிட இருப்பு: இந்தக் கணக்கு விமானிக்குப் புதிதல்ல. சறுக்குவது வேறிடத்தில். ஒரே ஷிப்டில் பத்து, இருபது விமானங்களைக் கவனிக்க வேண்டும். ஒரே காக்பிட்டில் பழகிய மூளை திணறும். சம்பளமும் கேப்டன் அளவுக்கு வராது.

மெடிக்கல்தான் பயமென்றால் சிமுலேட்டர். ஆட்குறைப்புதான் பயமென்றால், கார்கோ நிறுவனங்களுக்கும் தேவைப்படும் டிஸ்பாட்ச் உரிமத்தை, சம்பளம் வரும்போதே எடுத்துவிடுங்கள்.