உடல் பருமனும் இதயத்தின் தற்காப்பும்: ஓர் இணையவழி விரிவுரைத் தொடரின் மதிப்புரை

இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைபட்டு மீண்டும் பாய்ந்தால், அடுத்து வரும் நீண்ட தடையை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும் என்று காட்டிய 1986-ஆம் ஆண்டு ஆய்வை, 5 நிமிடத் தடைகள் நான்கு, பின்பு 40 நிமிடத் தடை என்று படிப்படியாக விளக்கும் முதல் விரிவுரைக்காகவே கட்டணம் செலுத்தலாம். பருமனான விலங்குகளில் இத்தற்காப்பு பல வேளைகளில் மங்குவதற்கு, செல்களைக் காக்கும் சமிக்ஞைகள் தளர்வதையும் செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் துளைகள் எளிதில் திறந்துவிடுவதையும் காரணங்களாகக் காட்டுகிறார்கள். படங்கள் மிகத் தெளிவானவை. ஆயினும், சில ஆய்வுகளில் பருமனான எலிகளின் இதயம் பாதிப்பைக் கூடுதலாகவே தாங்கியது என்னும் முரண்பாட்டை (நான் தேடி வந்ததே அதைத்தான்) ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். பயிற்சி வினாக்கள் சுமாரானவை.