சீட்டுக் கணக்கும் ரத்தக் கிண்ணமும்

சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இலும், வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' 2011இலும் வெளிவந்தன. இரண்டுமே எதிர்கால வட அமெரிக்காவில் நிகழும் முத்தொகுதிகளின் முதல் நாவல்கள். இரண்டிலும் 16 வயதுப் பெண்ணே தன் கதையைத் தானே நிகழ்காலத்தில் சொல்லிச் செல்கிறாள். ஒன்றைப் படித்தவர் மற்றதும் அதே சரக்குதான் என்று எண்ணிவிடக்கூடும். நானும் அப்படி எண்ணித்தான் இரண்டாவதை வெகுநாள் தொடாமலே வைத்திருந்தேன்.

காலின்ஸின் நாவலில், பனெம் என்ற கற்பனை நாட்டின் தலைநகரம், முன்பு தன்னை எதிர்த்துத் தோற்ற மாவட்டங்களுக்குத் தண்டனையாக, 12 மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் 24 சிறுவர் சிறுமியரைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை மோதவிட்டுத் தொலைக்காட்சியில் காட்டுகிறது. என்னைக் கட்டிப்போட்டது அந்தப் போட்டியைவிடக் குலுக்கலின் கணக்குதான். 12 வயதில் ஒரு சீட்டு. ஆண்டுக்கொன்று கூடி 18 வயதில் ஏழு. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டுக்குச் சம்மதித்தால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் சொற்பமாகக் கிடைக்கும். வீட்டில் எத்தனை வயிறோ அத்தனை சீட்டு. போட்ட சீட்டு அடுத்த ஆண்டும் கழியாது. மூவர் உள்ள வீட்டைக் காக்கும் நாயகி காட்னிஸின் பெயர் 16 வயதில் 20 முறையும், ஐவர் உள்ள வீட்டைச் சேர்ந்த அவள் நண்பன் கேலின் பெயர் 18 வயதில் 42 முறையும் குலுக்கலுக்கான கண்ணாடி உருண்டைகளுக்குள் கிடக்கின்றன. தாளில் கூட்டிப் பார்த்தேன். இரண்டும் பிசகாமல் வருகின்றன. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கேல் மேயரின் மகளிடம் எரிந்துவிழுகிறான். கொடுங்கோன்மை எப்படி மக்களுக்குள்ளேயே பகையை மூட்டுகிறது என்பதை அந்த எண்ணிக்கையே விளக்கிவிடுகிறது.

'டைவர்ஜென்ட்' காட்டும் சிகாகோவில் இப்படிப்பட்ட கணக்கு எதுவும் இல்லை. தன்னலமின்மை, துணிவு, அறிவு, நேர்மை, நல்லிணக்கம் என்று குணத்தின்படி ஐந்து பிரிவுகளாக வாழும் நகரம் அது. எப்பிரிவிலும் சேராதவர்கள் இழிவாகக் கருதப்படும் வேலைகளைச் செய்வதாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் பசியோடு ஒருவர் கை நீட்டும் சிறு காட்சியைத் தவிர, முதல் பாகத்தில் அவர்களுடைய வாழ்க்கை கதைக்குள் நுழைவதேயில்லை. ஓடும் ரயிலில் ஏறுவதையும் குதிப்பதையும் பக்கம் பக்கமாக விவரிப்பவர், இதற்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் படிக்க நேரமுண்டு என்பவருக்கு, தயங்காமல் காலின்ஸின் நாவலைத்தான் கொடுப்பேன்.

ஆனால் வீட்டைப் பிரியும் வலியை எழுதியதில் ராத் ஒரு படி மேலே நிற்கிறார். காட்னிஸ் தன் தங்கைக்குப் பதிலாகப் போட்டிக்குப் போகிறாள். அவளை யாரும் குறைசொல்ல முடியாது. 'டைவர்ஜென்ட்' நாயகி பியாட்ரிஸோ தானே விரும்பிப் பெற்றோரை விட்டுப் போகிறாள். இனி வாழப்போகும் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் சடங்கில், கத்தியால் உள்ளங்கையைக் கீறி, ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் ரத்தத்தைச் சொட்டவிட வேண்டும். அண்ணன் அவளுக்கு முன்பே எதிர்பாராமல் அறிவுப் பிரிவுக்குப் போய்விட்டான். பெற்றோரின் பிரிவுக்குரிய கற்களுக்கும் துணிவுப் பிரிவுக்குரிய எரிகரிக்கும் நடுவே அவள் கை நிற்கிறது. பிறகு கரியில் ரத்தம் பொரியும் ஓசை கேட்கிறது. ஒரே நாளில் இரு பிள்ளைகளையும் இழக்கும் தாய் தந்தையர் அந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் பாகத்தில் காட்னிஸின் கையால் இறப்பவர்கள் வாசகர் அழமாட்டாதவர்கள் மட்டுமே. போட்டியில் அவளோடு கூட்டுச் சேரும் சிறுமி ரூவை வேறொருவன் கொல்கிறான். காட்னிஸை உயிரோடு விட்ட போட்டியாளன் த்ரெஷ் நம் கண்ணுக்கு மறைவில் இறக்கிறான். ஒரு நல்லவனைத் தன் நாயகி கொல்லும்படி ஆசிரியர் கடைசிவரை செய்யவே இல்லை. இவ்வளவு கொடிய விளையாட்டில் அது எனக்குச் சலுகையாகவே பட்டது. ராத் அந்தச் சலுகையைத் தரவில்லை. மருந்தால் மதிமயங்கித் துப்பாக்கியோடு எதிரே வரும் வில், ட்ரிஸ் எனப் பெயர் மாறிவிட்ட பியாட்ரிஸின் நண்பன். அவளுடைய தோழியின் காதலன். அவனை அவளே சுடுகிறாள். இரண்டாம் பாகத்தில் துப்பாக்கியைத் தொட்டாலே அவள் கை நடுங்குகிறது.