பேக்கரிச் சுவருக்குச் சுண்ணாம்பா, பெயின்ட்டா?

ஏழாம் எட்வர்ட் காலத்து லண்டன் புறநகரில் ரொட்டி சுடும் கூடம் வைத்திருந்தவருக்கு 1901 தொழிற்சாலைச் சட்டம் இரண்டு வழி விட்டிருந்தது. சுவருக்கும் கூரைக்கும் சுண்ணாம்பு அடித்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எண்ணெய்ப் பெயின்ட் என்றால் குறைந்தது மூன்று கோட். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும், இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவ வேண்டும்.

சுண்ணாம்பு மலிவு. காரம் என்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. செங்கல் ஈரத்தையும் வெளியே விடும். ஆனால் பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலே மேலே அடித்தால் கனத்துப் பொருக்குத் தட்டி, அடுப்பு ஆவியில் உதிர்ந்து பிசைந்த மாவிலேயே விழும். பெயின்ட் உதிராது, துடைத்தால் போதும். ஆனால் ஈரச் சுவரில் அடித்தால் கொப்பளித்து உரியும். அந்த உப்பலுக்குப் பின்னால் கரப்பான் குடியேறும்.

ஆகவே தரைமட்டக் கூடத்துக்குப் பெயின்ட், ஈரம் கசியும் நிலவறைக்குச் சுண்ணாம்பு. தரை நடைபாதையைவிட மூன்று அடிக்கு மேல் தாழ்ந்திருந்தால் அது நிலவறைக் கூடம். 1904 முதல் உள்ளாட்சியின் தகுதிச் சான்று இல்லாமல் அதை நடத்த முடியாது என்றானது. அங்கே பூச்சு மட்டும் காப்பாற்றாது.

பொது விடுதிக்காரருக்கு, அதாவது ஏழைகள் பலர் ஒன்றாகத் தங்கும் மலிவு விடுதி நடத்தியவருக்கு, இந்தக் குழப்பமே இருக்கவில்லை: 1875 பொதுச் சுகாதாரச் சட்டப்படி ஏப்ரல், அக்டோபர் முதல் வாரங்களில் சுண்ணாம்புதான்.