சுங்கை சிப்புட்டில் ஒரு பிளாஸ்டிங் பட்டறை: பழைய வண்டியைக் கொடுக்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரை விட்டுச் செம்பனைத் தோட்டங்களை நோக்கிப் போகும் சாலையில் வரிசையாக நிற்கும் பட்டறைகளுள் ஒன்றில், வாகனங்களின் பழைய சாயத்தையும் துருவையும் பிளாஸ்டிங் முறையில், அதாவது காற்றழுத்தத்தால் துகள்களைப் பீய்ச்சி அடித்து, அகற்றித் தருகிறார்கள். பழக்குலை ஏற்றும் லோரிகளின் தொட்டிகளும் டிராக்டர் டிரெய்லர்களுமே அவர்களுடைய அன்றாட வேலை என்பதால், காரின் மெல்லிய தகட்டை அவர்களிடம் ஒப்படைக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். என் பழைய லேண்ட் ரோவரை அங்கே கொடுத்து வாங்கியவன் என்ற முறையில், ஒப்படைக்கலாம் என்றே சொல்வேன். குறையும் ஒன்று உண்டு. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

வண்டி சீரிஸ் III வகை. 1971 முதல் 1985 வரை தயாரான இவ்வகையின் வெளித்தகடுகளில் பெரும்பாலானவை அலுமினியக் கலவை. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸும் இன்ஜின் அறைக்குப் பின்னுள்ள தடுப்பும் கதவுச் சட்டங்களும் இரும்பு. பட்டறைக்காரர் விலை பேசுவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து வண்டியைச் சுற்றி வந்தார். ஒட்டிய இடங்களில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டுவிட்டு, “அண்ணே, இது ரெண்டு வேலை, ஒரே மருந்த வச்சு அடிக்க முடியாது” என்றார். மருந்து என்று அவர் சொன்னது அடிக்கும் துகளை. நான் போன வேறெந்தப் பட்டறையிலும் எது இரும்பு, எது அலுமினியம் என்ற கேள்வியே எழவில்லை.

பிளாஸ்டிங்கில் தகடு நெளிவதற்குச் சூடுதான் காரணம் என்று நம்மிடையே பொதுவாக நம்பப்படுகிறது. உண்மையில் பெரும் பங்கு மோதலுடையது: கடினமான துகள் வேகமாக வந்து இடிக்கும்போது தகட்டின் அந்தப் பக்கம் மட்டும் நசுங்கி விரிகிறது, மறுபக்கம் விரிவதில்லை, ஆகவே தகடு உப்பிக்கொள்கிறது. கார்த் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தைக்கூட எட்டுவது அரிது. அதன் மீது லோரித் தொட்டிக்கு அடிக்கும் அழுத்தத்தில் அடித்தால், பானெட்டைப் பிறகு எத்தனை பட்டி வைத்தாலும் நேராக்க முடியாது.

அலுமினியத் தகடுகளுக்கு அவர்கள் எடுத்தது யூரியா பிளாஸ்டிக் துகள். கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 3.5 அளவில்தான் இருக்கும். 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சாய்வாக அடித்தார்கள். மேலே இருந்த வெள்ளை உதிர்ந்து, அதன் கீழிருந்த பச்சை உதிர்ந்து, ஆதி பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு மெல்லிய படலமாக எஞ்சிய இடத்தில் குழாயைத் திருப்பிவிடும் அளவுக்கு, அடித்த இளைஞரின் கை பழகியிருந்தது. ஆனால் இத்துகளால் சாயம் போகுமே தவிர, அரிப்புப் போகாது. கதவின் அடிப்பகுதியில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்த இடங்களில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்த அரிப்பை மட்டும் நுண்ணிய கண்ணாடி மணிகளால் தனியாகச் சுத்தம் செய்தார்கள். சமையல் சோடாத் துகளால் அடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள். சோடா மென்மையானதுதான், ஆனால் மடிப்புகளில் தங்கும் அதன் உப்பை முழுமையாகக் கழுவாவிட்டால் புதுச் சாயம் பிடிக்காமல் உரிந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்.

சேஸிஸுக்குக் கார்னெட், ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில். தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரை மணலில் கிடைக்கும் அதே சிவப்புக் கனிமம்தான் இது. 2013-இல் தமிழக அரசு அதன் அகழ்வை நிறுத்தியது. கடினம் 7-க்கு மேல், முனைகள் கூர்மை, துருவை அடியோடு பெயர்த்துவிடும். உடையாத துகளைச் சலித்து மீண்டும் பயன்படுத்தலாம். இதன் விலையைக் கேட்டுவிட்டு, வெள்ளீயம் தோண்டி எடுத்த பேராக்கில் சாதாரண மணலுக்கா பஞ்சம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மணலில் உள்ள சிலிக்கா உடைந்து நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் ஆறாது. பிரிட்டன் இத்தகைய வேலைக்கு மணலை 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை செய்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மணல் அடிக்கும் இடங்களுக்கு நான் வண்டி கொடுக்க மாட்டேன். இங்கே கார்னெட் அடிப்பவருக்கும் வெளிக்காற்று செலுத்தும் தலைக்கவசம் இருக்கிறது.

இரும்புக்கு அடித்த துகளை அலுமினியத்தின் பக்கம் அவர்கள் கொண்டுவருவதே இல்லை. துருவும் இரும்புத் தூளும் கலந்த துகள் அலுமினியத்தில் பதிந்தால், பூசிய சாயத்துக்கு அடியிலேயே அரிப்புத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனி சல்லடை வைத்திருக்கிறார்கள். ஊர்ப்புறப் பட்டறையில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

நம் ஊர் ஈரப்பதத்தில் அடித்து முடித்த இரும்பு சில மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறமாகிவிடும். வெயில் ஏறிய பிறகே சேஸிஸைத் தொடங்கி, மாலை மழைக்கு முன் எபோக்சி பிரைமர் பூசி முடித்தார்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றை உலர்த்தும் கருவியும் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் துகள் ஈரத்தில் கட்டியாகிக் குழாயை அடைக்கும். போதாததற்குச் சுத்தமான இரும்பின் மீது தண்ணீரும் தெறிக்கும்.

இனி அந்தக் குறை. சேஸிஸ் பெட்டி வடிவில் மூடப்பட்டது. ஓட்டைகள் வழியாக உள்ளே போன கார்னெட்டை அவர்கள் முழுமையாக ஊதி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாயம் அடிப்பதற்காக வண்டிச் சட்டத்தைச் சாய்த்தபோது, ஒரு மூலையிலிருந்து சிவப்பு மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. ஈரம் தேங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கேட்டதற்கு, திரும்பக் கொண்டுவந்தால் ஊதித் தருகிறோம் என்றார்கள். லோரி வாடகை யார் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேச்சில்லை. வண்டியைப் பட்டறையிலிருந்து திரும்ப வாங்குவதற்கு முன் சட்டத்தின் இரு முனைகளையும் மாறி மாறித் தூக்கித் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

மணிக் கணக்கில் பணம் வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் துகளுக்குக் கார்னெட்டைவிடக் கூடுதல். டாட்சன் 120ஒய், பழைய புரோட்டோன் சாகா போன்ற முழு இரும்பு வண்டிகளுக்கு, பானெட், கூரை, கதவு ஆகிய அகலமான தகடுகளுக்குப் பிளாஸ்டிக்கையும், துரு ஏறிய ஓரங்களுக்கும் அடித்தளத்துக்கும் மட்டும் கார்னெட்டையும் கேளுங்கள். முழுவதற்கும் கார்னெட் போதும் என்று நீங்களே சொன்னால் மறுக்காமல் அடித்துவிடுவார்கள். ரப்பர் புஷ், பிரேக் குழாய், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிய பின்பே கொண்டுபோக வேண்டும். கழற்றும் வேலையை அங்கே செய்வதில்லை.