கையால் கட்டும் ரேடியோ புல்டோசருக்கு எந்த டிராக்?

மாதிரி புல்டோசரில் மோட்டார், ரேடியோ, பேட்டரி ஆகியவற்றை வாங்கிப் பொருத்திவிடலாம். பக்கத்துக்கு ஒரு கியர் மோட்டார் வைத்து, ஒன்றை மெதுவாகவும் மற்றதை வேகமாகவும் சுழலவிட்டால் வண்டி திரும்பும். முன்தகட்டை ஏற்றி இறக்க ஒரு திருகுதண்டு போதும். ஹேக்சா, அரம், வைஸ், கை டிரில் ஆகியவற்றை மட்டும் வைத்திருப்பவரைத் திணறடிப்பது, சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக்தான். அதற்கு என் முன் மூன்று வழிகள் இருந்தன: பல் வைத்த ரப்பர் பெல்ட், அலுமினியச் சானலை அறுத்துச் செய்யும் தனித்தனிக் கண்ணிகள், காது (தகட்டை இறுக்குவதற்கான பக்க நீட்டம்) வைத்த, சைக்கிள் செயின் போன்ற ரோலர் செயின். மூன்றாவதைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

ரப்பர் பெல்ட் சத்தமின்றி ஓடும்; ஒரே நாளில் பொருத்தியும் விடலாம். ஆனால் மண்ணைப் பற்றும் தகடுகளைப் போல்ட்டால் இறுக்குவதற்கு அதில் துளையிட்டால், இழுவையைத் தாங்கும் உள்நூல்கள் அறுபடுகின்றன. பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சிறு கல் புகுந்தாலே பல் தாவிவிடுகிறது. நான் இதை ஒரு சோதனை வண்டியில் சில வாரங்கள் மட்டுமே ஓட்டியிருப்பதால், நீண்டகால உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அலுமினியக் கண்ணிகளின் அழகுக்கு மற்ற இரண்டும் ஈடில்லை. பக்கத்துக்கு 42 என்று கொண்டால் மொத்தம் 84 கண்ணிகளை அறுத்து, அரத்தால் தேய்த்து, ஒரே இடைவெளியில் துளையிட வேண்டும். இரும்புப் பட்டையில் வழிகாட்டித் துளைகள் போட்டு, முதல் துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டு இரண்டாவதைத் துளைத்தால் இடைவெளி ஓரளவு சீராக வரும். பொறுமை உள்ளவருக்கு இது பெரிய தடையல்ல. உண்மையான தொல்லை ஓடத் தொடங்கிய பிறகுதான் வருகிறது. கண்ணிகளை இணைக்கும் எஃகு ஊசி, மென்மையான அலுமினியத்தில் அசைந்து அசைந்து, துளையை நீள்வட்டமாக்கிவிடுகிறது. ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மி.மீ. தேய்ந்தாலே டிராக் 4.2 மி.மீ. நீண்டுவிடும். தளர்ந்த டிராக், வண்டி திரும்பும்போது சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். பித்தளைக் குழாய்த் துண்டுகளைத் துளைகளில் செருகி இதைத் தடுக்கலாம். ஆனால் அதற்கு முதலிலிருந்தே மறுபடி துளையிட்டாக வேண்டும்.

செயினும் தேயாமல் இருப்பதில்லை. ஆனால் அதன் ஊசியும், ஊசியைச் சுற்றியுள்ள சிறு குழாயான புஷ்ஷும் கடினப்படுத்தப்பட்ட எஃகு என்பதால் தேய்மானம் மெதுவாக வருகிறது. வந்தாலும் அதைச் சமாளிக்க எளிய வழி இருக்கிறது. நான் பயன்படுத்தியது 12.7 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த ஊசிகளின் இடைவெளி) உள்ள செயின். பக்கத்துக்கு 60 கண்ணிகள், நீளம் 762 மி.மீ. இது ஒரு சதவீதம் நீண்டால் 7.6 மி.மீ. கூடும். டிராக் மேலும் கீழுமாக இருமுறை ஓடுவதால், முன்சக்கரத்தை அதில் பாதியளவு, 3.8 மி.மீ., முன்னே தள்ளினால் தொய்வு நீங்கிவிடும். ஆகவே முன்சக்கர அச்சுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக 15 மி.மீ. நகரக்கூடிய நீள்துளையை அரத்தால் வெட்டி, பின்னாலிருந்து ஒரு போல்ட்டும் ஸ்பிரிங்கும் தள்ளும்படி வைத்தேன். சக்கரம் 12.7 மி.மீ. முன்னேறிய பின், உள்கண்ணியும் வெளிக்கண்ணியுமாக ஒரு ஜோடியை (25.4 மி.மீ.) கழற்றிவிட்டால் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 15 என்ற அளவை வைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த நீள்துளையை வெட்ட மறந்து பக்கத்தகடுகளை முழுதாகப் பொருத்திவிட்டு, பிறகு எல்லாவற்றையும் கழற்றிய அனுபவமும் எனக்கு உண்டு.

செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கு 13 பற்கள் வைத்தேன். கண்ணிகள் இரட்டைப்படையாகவும் பற்கள் ஒற்றைப்படையாகவும் இருந்து, 60, 13 போல இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லாவிட்டால், ஒரே பல் ஒரே கண்ணியைச் சுற்றுக்குச் சுற்று சந்திக்காமல் தேய்மானம் எல்லா இடத்திலும் பரவும். 8 பல் சக்கரத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் செயினின் வேகம் சுமார் 7.6 சதவீதம் ஏறி இறங்கும்; 13 பல்லில் அது 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. மெதுவாக மண்ணைத் தள்ளும்போது முன்தகடு குலுங்காமல் செல்வதில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்.

பராமரிப்பில் ஓர் எச்சரிக்கை: எண்ணெய் ஊறிய செயினை மண்ணில் ஓட்டக் கூடாது. மண்துகளும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு, ஊசிகளைச் சாணைபிடிப்பதுபோலத் தேய்த்துவிடும். ஓட்டம் முடிந்ததும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, மெல்லிய எண்ணெய் பூசி, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து வைப்பது என் வழக்கம். ஈரக் களிமண் ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கிடையே அடைந்தால் செயின் மேலேறி இறுகிவிடும் என்பதால், காதுகளில் இறுக்கும் ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மண் பிதுங்கி வெளியேற ஒரு துளை போடுவது நல்லது. பெரிய புல்டோசர்களின் தகடுகளிலும் இதற்காகத் துளை வைப்பதுண்டு.

செயினின் குறைகள் எடையும் இரைச்சலும். எடையைக் குறையாக நான் கருதுவதில்லை. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு பிடி கிடைக்கும், நாமே ஈயத்தைச் சேர்க்கும் வண்டியல்லவா இது. இரைச்சலுக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குள் தரையில் மட்டும் ஓட்டப்போகிறவர் பெல்ட்டையும், கண்ணாடிப் பேழையில் வைத்து எப்போதாவது ஓட்டப்போகிறவர் அலுமினியக் கண்ணிகளையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.