16 வயசு பொண்ணு வாயில எக்ஸ்பேண்டர் மாட்டி சாவியை கையில கொடுத்துட்டாங்க, நானும் 28 நாள் திருப்பினேன்

பெங்களூர்ல பசங்களுக்கு பல்லு கிளிப் போட கிளம்புறவங்க இதை படிச்சிட்டு போங்க. கோவத்துல எழுதுறேன், முன்ன பின்ன இருக்கும்.

என் பொண்ணுக்கு 9 வயசு இருக்கும்போதே இந்திராநகர் பக்கம் ஒரு கிளினிக்ல காட்டினோம். வாயை மூடினா வலது பக்கம் மேல் கடவாப்பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமா போய் உட்காரும், கிராஸ்பைட்னு சொல்றாங்களே அது. ஒரு நிமிஷம் பார்த்துட்டு "பால் பல்லு எல்லாம் விழட்டும் மேடம், அப்புறம் பார்த்துக்கலாம்"னு அனுப்பிட்டாங்க. டாக்டரே சொல்லிட்டாரேன்னு நாங்களும் விட்டுட்டோம்.

இப்ப 16 வயசு, ஃபர்ஸ்ட் பியூசி, நம்ம ப்ளஸ் ஒன். அதே கிளினிக்தான், ஆனா இப்ப கண்ணாடிக் கதவு, காபி மெஷின், பல்லை விட இஎம்ஐ பத்தி தெளிவா பேசுற ஒரு பொண்ணு. மேல் தாடை குறுகலா இருக்கு, எக்ஸ்பேண்டர் வச்சு அகலப்படுத்திட்டு அப்புறம் கிளிப், மொத்தம் 95,000 பேக்கேஜ்னாங்க. சாதாரண எக்ஸ்ரே ஒண்ணு எடுத்தாங்க, அவ்ளோதான்.

அண்ணத்துக்கு நடுவுல ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதுலருந்து ரெண்டு பக்கமும் கம்பி போய் பல்லை பிடிச்சிருக்கும். ராத்திரி சாப்பிட்டு வாய் கொப்புளிச்சிட்டு என் மடியில தலை வச்சு படுப்பா, நான் போன் டார்ச் அடிச்சு அந்த குண்டூசி ஓட்டையை தேடி சாவியை விட்டு தொண்டைப் பக்கமா தள்ளணும், அடுத்த ஓட்டை முன்னாடி தெரிஞ்சா சரியா திரும்பிடுச்சுன்னு அர்த்தம். ஒரு தள்ளு கால் மில்லிமீட்டர். தள்ளும்போது கண்ணோரம் தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போகும், "சீக்கிரம்மா"ம்பா. முடிச்சதும் காலண்டர்ல டிக் போடுவேன், என்னமோ பெரிய சாதனை மாதிரி.

வலிக்குதுன்னு போன் பண்ணா ரிசப்ஷன்லயே பதில், "ஏனூ ஆகல்லா மேடம், நார்மல்", ஒண்ணும் ஆகாதாம். ரெண்டு தடவை நேர்ல போனோம், ரெண்டு தடவையும் வேற வேற சின்ன டாக்டர், டார்ச் அடிச்சு பார்த்துட்டு கன்டினியூ பண்ணுங்கன்னாங்க.

கண்டுபிடிச்சது மர்ஃபி டவுன்ல இருக்குற என் நாத்தனார். அவ பையனுக்கு 10 வயசுல இதே சாமான் போட்டிருந்தாங்க. இவ வாயை பார்த்துட்டு, "என்ன அண்ணி, முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்தே வரல? அவனுக்கு ஒரு வாரத்துலயே வந்துடுச்சே, நான் பயந்து போய் டாக்டர்கிட்ட ஓடினேன், அதுதான் நல்ல சேதின்னாரு"ன்னா. அப்பதான் நானும் ஒழுங்கா பார்க்குறேன். சந்து இல்ல. கடவாப்பல்லுங்க கன்னத்துப் பக்கம் சாஞ்சிருக்கு, ஒரு பல்லுக்கு ஈறு மேல ஏறி வேர் தெரியுது, முன் பல்லு மேலயும் கீழயும் ஒட்டவே மாட்டேங்குது. ஏன் முறுக்கை கடவாயில வச்சு கடிக்கிறேன்னு நான்தான் அவளை திட்டிட்டு இருந்தேன்.

கிளினிக்ல கேட்டா "பெரிய பசங்களுக்கு சந்து தெரியாது"ன்னாங்க. மறுநாளே விக்டோரியா ஆஸ்பத்திரி காம்பவுண்டுல இருக்குற கவர்மென்ட் டென்டல் காலேஜுக்கு போனோம். கூட்டம், காலையில போனா மத்தியானம் ஆகும், ஆனா உட்கார வச்சு விளக்கமா சொன்னாங்க. மேல் தாடை ரெண்டு பாதி எலும்பு, அண்ணத்துக்கு நடுவுல தையல் போட்ட மாதிரி சேர்ந்திருக்கும். சின்ன வயசுல அந்த தையல் இறுகாம இருக்குறதால ஸ்க்ரூ திருப்பினா எலும்பே பிரியும், முன் பல்லு நடுவுல சந்து வர்றது அதனாலதான், அந்த இடத்துல பிறகு புது எலும்பு வளர்ந்துடும், அதுக்காகவே எக்ஸ்பேண்டரை சில மாசம் கழட்டாம வச்சிருப்பாங்க. வயசு ஏற ஏற தையல் இறுகிடும். 16ல சிலருக்கு திறக்கும், சிலருக்கு திறக்காது, பொம்பளைப் பசங்களுக்கு பொதுவா சீக்கிரமே இறுகிடும், வயசை மட்டும் வச்சு சொல்ல முடியாதுன்னு சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடை எலும்பை 3டில காட்டுற எக்ஸ்ரே, எடுத்து பார்த்தாங்க. இவளுக்கு இறுகிடுச்சு. அப்ப நான் திருப்பின 7 மில்லிமீட்டரும் எங்க போச்சு? பல்லைத்தான் எலும்புக்கு வெளியே தள்ளியிருக்கு.

9 வயசுல லேசா முடிஞ்சிருக்க வேண்டியது, அப்ப வேணாம்னு சொன்ன அதே ஆளுங்க இப்ப வித்திருக்காங்க. இதை நினைச்சாதான் எனக்கு தூக்கம் வர மாட்டேங்குது.

கிளினிக்ல ஆர்த்தோ எம்டிஎஸ், அதாவது பல்லு வரிசைக்குன்னே படிச்ச ஸ்பெஷலிஸ்ட், யாருன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது, அவர் மாசத்துக்கு ரெண்டு நாள் வர்ற விசிட்டிங், என் பொண்ணு வாயை அவர் பார்த்ததே இல்ல. நம்ம தப்பும் இருக்கு, வெள்ளைக் கோட்டு போட்டவங்க எல்லாரும் ஒண்ணுன்னு நினைச்சோம். பிடிஎஸ் படிச்சிட்டு மேல 3 வருஷம் அதுக்குன்னே படிச்சாதான் ஆர்த்தோடான்டிஸ்ட், போர்டுல பேரு இருந்தா பத்தாது, சாவி கொடுக்குறது யாருன்னு கேளுங்க.

பணம் திருப்பிக் கேட்டா கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்கன்றாங்க. காசு வாங்கிட்டு பண்ற வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துல வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சொல்லிடுச்சு, 2 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், நாம கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கேஸ் போட ஃபீஸ் கிடையாது. எக்ஸ்ரே, பில், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் எடுத்து வச்சிட்டு மாவட்ட கமிஷன்ல போட்டிருக்கோம். அதனால கிளினிக் பேரை கேட்காதீங்க, வக்கீல் எழுத வேணாம்னுட்டார்.

எக்ஸ்பேண்டரை கழட்டியாச்சு. ஈறு சரியானதும் எலும்புலயே சின்ன ஸ்க்ரூ இறக்கி அகலப்படுத்துற மார்ப்பி பார்க்கலாம், அதுக்கும் மசியலன்னா ஆபரேஷன்தான்னு சொல்லியிருக்காங்க. அந்தக் காலண்டரை கிழிச்சு போடப் போனேன், பொண்ணு புடுங்கிட்டு போய் கேஸ் ஃபைல்ல வச்சுட்டா.