தெலுக் ஆயரா, தேக்காவா? ஒரே நாளில் பழைய கட்டடங்களைப் படமெடுக்க

கல்லூரிக் காலத்து நண்பன் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்திருந்தான். கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளந்து வைத்த கொஞ்சம் வெள்ளி (டாலர்), பழைய கட்டடங்களை எடுத்தே தீருவேன் என்ற வெறி. யாரைக் கேட்டாலும் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, என்பார்கள். நான் சைனாடவுன் பக்கத்துத் தெலுக் ஆயர் கட்சி. கடைசியில் இரண்டுக்கும் போனோம்.

செலவில் பெரிய வித்தியாசமில்லை. டௌன்டவுன் ரயில் பாதை இரண்டு இடத்தையும் தொடுகிறது, சாப்பாட்டுக்குத் தெலுக் ஆயர் பக்கம் மேக்ஸ்வெல் உணவு நிலையம், தேக்காவில் தேக்கா நிலையம். வெளிச்சத்திலும் கூட்டத்திலும்தான் விஷயமே இருக்கிறது.

காலை ஏழரைக்கு சவுத் பிரிட்ஜ் சாலை. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில் கோபுரம் கிழக்கே பார்த்து நிற்பதால் இளவெயில் நேராகச் சிலைகள்மேல் விழுகிறது. பகோடா ஸ்திரீட்டைத் தாண்டினால் பச்சை நிற ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அங்கிருந்து நடந்தே தெலுக் ஆயர் ஸ்திரீட் போய்விடலாம். அலுவலகப் பகுதி என்பதால் ஞாயிறு காலையில் தெருவே நமக்குத்தான். 1828-30இல் எழுந்த நாகூர் தர்காவைப் பார்த்ததும் நண்பன், "டேய், எங்க ஊரு தர்காடா!" என்று நடுச்சாலையிலேயே நின்றுவிட்டான். அடுத்து 1842இல் முடிந்த தியான் ஹோக் கெங் சீனக் கோயில். அதன் இரும்புக் கதவு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். குடிசையாக இருந்த காலத்தில் நம்மவர்கள் வைத்த குச்சுப் பள்ளி என்ற பெயர் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. இந்தத் தெருவின் வாசலில்தான் ஒரு காலத்தில் கடல் இருந்தது, தூர்த்துவிட்டார்கள், இப்போது அங்கே வானளாவிகள். அவை படத்துக்குள் எட்டிப்பார்ப்பதுதான் இங்கே ஒரே தொல்லை. எதிரே அஞ்சடியில் (கடைவீடுகளின் முன் உள்ள கூரையிட்ட நடைபாதை) தூணுக்குப் பின்னால் நின்று எடுத்தால் பாதி மறைந்துவிடும்.

தேக்காவில் 1900இல் கட்டிய டான் டெங் நியா வீடு வண்ண வண்ணமாக அழகுதான், ஆனால் செல்ஃபி எடுப்பவர்கள் விலகுவதற்குள் எங்களுக்கு அரை மணி நேரம் போய்விட்டது. மனிதர்களை எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, கட்டடத்துக்குச் சரிப்படாது. விதிவிலக்கு டன்லப் ஸ்திரீட்டின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல். முகப்பில் சூரியன் மாதிரி ஒரு வேலைப்பாடு, 25 கதிர், ஒவ்வொன்றிலும் அரபு எழுத்தில் ஒரு நபியின் பெயர்.

கேமரா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குளுகுளு ரயிலிலிருந்து வெளியே வந்ததும் நண்பனுடைய லென்ஸ் பனி மூடி, துடைத்தாலும் திரும்பத் திரும்ப மூடியது, நான் அதற்குள் கைப்பேசியில் பத்துப் படம் எடுத்துவிட்டேன். ஆனால் கைப்பேசியின் அகலக் கோணத்தில் கோபுரம் பின்னால் சாய்கிறது, சாலையைக் கடந்து போய் இரண்டு மடங்கு ஸூமில் எடுங்கள்.

என் ஓட்டு தெலுக் ஆயருக்கு, அதுவும் காலையில் மட்டும். மாலையில் தேக்காவிலிருந்து சுல்தான் பள்ளிவாசல் இருக்கும் கம்போங் கிளாம் வரை நடக்கத் தயார் என்றால் தராசு கொஞ்சம் தேக்கா பக்கம் சாயும். சுல்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் பொழுது இறங்கும்போது புஸ்ஸோரா ஸ்திரீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். தங்கக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை தெரியும், ஏழைகள் கொடுத்த கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள் அவை. நண்பன் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான், நான் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கப் போய்விட்டேன்.